தன்ஜாவிலிருந்து தனியே புறப்பட்ட இளைஞர்

யாத்ரீகர் இப்னு பதூதாவின் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். அவர் எத்தனை நாடுகளைச் சுற்றினார், எத்தனை சுல்தான்களைக் கண்டார், எத்தனை ஆயிரம் மைல் கடந்தார் என்பதையே பலரும் எழுதி வந்திருக்கின்றனர். 21 வயதில் வீட்டு வாசலைத் தாண்டிய அந்தப் பிள்ளை என்ன பாடுபட்டார், அவர் விட்டுவந்த வீட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதியவர் குறைவு. நம் சங்கத்துக் குடும்பங்களில் பல, தனியாளாய்க் கப்பலேறி வந்த ஓர் இளைஞரிலிருந்து தொடங்கியவை. ஆகையால் இம்முறை அந்தப் பக்கத்தையே எடுத்துக்கொள்ள விரும்பினோம்.

மொராக்கோ நாட்டின் வடகோடியில் கடலோரம் இருக்கிறது தன்ஜா நகரம். அங்கே காஜிகளாகவும் மார்க்க அறிஞர்களாகவும் விளங்கிய ஒரு பெர்பர் குடும்பத்தில் ஹிஜ்ரி 703 ரஜப் மாதம், அதாவது 1304 பிப்ரவரியில், அவர் பிறந்தார். முகம்மது என்பது இயற்பெயர். தந்தையார் பெயர் அப்துல்லாஹ். குடும்ப வழக்கப்படி மாலிக்கி மத்ஹபின் சட்டக்கலையைக் கற்றார். ஊரிலேயே இருந்திருந்தால் அவருக்கும் காலப்போக்கில் ஒரு காஜி பதவி கிடைத்திருக்கும்; பெற்றோரும் பக்கத்திலிருந்திருப்பர்.

1325 ஜூன் 14ந் தேதி அவர் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டார். கூட ஒருவருமில்லை, சேர்ந்து போவதற்கு ஒரு காபிலாவும் அமையவில்லை. தாயும் தந்தையும் உயிரோடிருந்தனர். பிரிவு மூவருக்குமே வேதனையாயிருந்தது. ஹஜ்ஜை முடித்துத் திரும்பி வருவார் என்றுதான் வீட்டார் எண்ணியிருக்க வேண்டும்.

வழியில் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. தூனிஸ் நாட்டுத் தூதர் இருவர் முன்னே செல்வதறிந்து விரைந்து சென்று அவர்களோடு சேர்ந்தார். கோடை வெப்பத்தில் இருவரும் நோயுற்றனர், ஒருவர் மௌத்தாகிவிட்டார். பிறகு சில வியாபாரிகளின் துணை கிடைத்தது. பிஜாயா என்னும் ஊருக்கு வந்தபோது இவரையே காய்ச்சல் பற்றிக்கொண்டது. குணமாகும்வரை தங்கிவிடுமாறு உடன் வந்தவர்கள் கூறினர். மரணம் வருவதானாலும் ஹிஜாஸை நோக்கிய பாதையில் வரட்டும் என்று மறுத்துவிட்டார். அப்படியானால் வாகனத்தையும் பாரமான சாமான்களையும் விற்றுவிடும்படி ஒரு நல்ல மனிதர் யோசனை கூறி, தமது பிராணி ஒன்றையும் கூடாரத்தையும் இரவல் கொடுத்தார். கொள்ளைக்காரர் பயமிருந்த பாதையாதலால் காபிலா நில்லாமல் ஓடியது. காய்ச்சலில் கீழே விழுந்துவிடாதிருக்க, தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பிரயாணம் செய்தார்.

கொன்ஸ்தந்தீனா நகருக்கு வெளியே இரவில் பெருமழை பிடித்துக்கொண்டது. மறுநாள் இவருடைய ஆடை சேறும் ஈரமுமாயிருக்கக் கண்ட அவ்வூர் அதிகாரி, அதைத் துவைக்கச் சொன்னதோடு, கந்தலாகியிருந்த மேல்துணிக்குப் பதில் உயர்ந்த துணியொன்றை அனுப்பினார். அதன் மூலையில் இரண்டு தங்கத் தீனார்கள் முடியப்பட்டிருந்தன. தம் யாத்திரையில் முதன்முதலாகக் கிடைத்த உதவி அதுவே என்று அவர் பின்னாளில் நினைவு கூர்ந்தார். சுல்தான்களிடம் ஆயிரக்கணக்கில் வெகுமதி வாங்கியவர், அந்த இரண்டு காசுகளை மறக்கவில்லை.

தூனிஸ் வந்து சேர்ந்தார்கள். காபிலாவிலிருந்தவர்களை வரவேற்க நகரத்தார் எதிர்கொண்டு வந்தனர். ஒருவருக்கொருவர் ஸலாம் கூறித் தழுவி நலம் விசாரித்தனர். இவரை யாருக்கும் தெரியாது. இவருக்கு ஸலாம் சொல்வாருமில்லை. அதுவரை அடக்கி வைத்திருந்த துக்கமெல்லாம் பொங்கி வர, அவர் தேம்பி அழுதுவிட்டார். அதைக் கண்ணுற்ற ஹாஜி ஒருவர் அருகே வந்து, ஸலாம் கூறி, ஊருக்குள் போய்ச் சேரும்வரை ஆறுதலாகப் பேசிக்கொண்டே வந்தார். இளைஞர் அங்கே ஒரு மதரஸாவில் தங்கினார். வீட்டை விட்டு வந்தபின் முதல் நோன்புப் பெருநாளும் அவ்வூரிலேயே வந்தது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. பினாங்குத் துறையிலும் சிங்கப்பூர்த் துறையிலும் ரஜூலா கப்பல் வந்து நின்ற காலத்தில், இறங்கியவர்களுக்கெல்லாம் அழைத்துப் போக அண்ணனோ மாமாவோ வந்திருந்தார்களா? தகரப் பெட்டியோடு ஓரமாய் நின்று, யாராவது தமிழில் பேச மாட்டார்களா என்று பார்த்தவர்களும் உண்டு. அவர்களுக்கு முதல் ஸலாம் சொன்னவர் யாரென்று கேட்டால், பழைய ஆட்கள் பெயரோடு சொல்வார்கள். தூனிஸில் இப்னு பதூதாவுக்கு ஸலாம் சொன்ன அந்த ஹாஜியின் பெயர் நமக்குக் கிடைக்காமற் போனதில் எங்களுக்கு வருத்தந்தான்.

இரண்டு மாதத்தில் நிலைமை மாறியது. மக்காவை நோக்கிச் சென்ற காபிலாவுக்கு இவரையே காஜியாக நியமித்தனர். வழியிலேயே நிக்காஹ் செய்தார். மாமனாரோடு பிணக்கு ஏற்பட்டு அந்தப் பெண்ணைப் பிரிந்தார். உடனே வேறொரு பெண்ணை மணந்து, காபிலா முழுவதையும் ஒரு நாள் நிறுத்தி வலீமா விருந்தளித்தார். 1326ல் திமிஷ்கு நகரில் மீண்டும் ஒரு திருமணம். அவ்வருடமே முதல் ஹஜ்ஜையும் நிறைவேற்றினார்.

ஹஜ்ஜு முடிந்தது, ஆனால் அவர் ஊர் திரும்பவில்லை. ஈராக், யமன், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி என்று சுற்றி, 1333 செப்டம்பரில் சிந்து நதியை அடைந்தார். டில்லியில் சுல்தான் முகம்மது பின் துக்ளக், வெளிநாட்டிலிருந்து வரும் அறிஞர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார் என்ற செய்தி எங்கும் பரவியிருந்த காலம் அது. சம்பாத்தியத்தை நாடியே அவர் அங்கு சென்றார் என்று சொல்வதில் தவறில்லை. டில்லியின் காஜியாக ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளம் கிடைத்தது. தாம் மாலிக்கி, இவ்வூரார் ஹனபி. தமக்கு இவர்கள் பாஷையும் தெரியாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். சுல்தான் இரண்டு உதவிக் காஜிகளைக் கொடுத்துவிட்டார்!

சம்பளத்தைவிடச் செலவு பெரிதாயிற்று. 55,000 தீனார் கடனாளியானார். அதையும் சுல்தானே தீர்க்க வேண்டியதாயிற்று. அவ்வளவு தாராளமான சுல்தான்தான், குகையில் வாழ்ந்த ஒரு ஷைகின் மேல் கோபங்கொண்டு அவரைக் கொல்வித்தார். அந்த ஷைகைப் போய்ப் பார்த்த குற்றத்துக்காக இப்னு பதூதாவையும் நான்கு காவலர் சூழ்ந்தனர். ஒரே நாளில் ஒரு திருவசனத்தை 33,000 தடவை ஓதினார். ஐந்து நாள் தண்ணீரை மட்டும் அருந்தி நோன்பிருந்தார். உயிர் தப்பியதும் உடைமைகளைத் தானம் செய்துவிட்டு ஒரு துறவியின் பக்கலில் ஒதுங்கினார். பின்பு சீனச் சக்கரவர்த்திக்குத் தூதராகச் செல்லும்படி சுல்தான் கட்டளையிட, 1342ல் டில்லியை விட்டு நீங்கினார்.

கள்ளிக்கோட்டையில் சீனக் கப்பல்களில் சாமான்கள் ஏற்றப்பட்டன. ஜும்ஆத் தொழுகைக்காக இவர் கரையில் தங்கியிருந்தார். இரவில் எழுந்த புயலில் சுல்தானின் காணிக்கைகள் இருந்த கப்பல் உடைந்து அழிந்தது. இவருடைய உடைமைகளை ஏற்றிய மற்றது, இவரை விட்டுவிட்டுப் பாய் விரித்துப் போய்விட்டது. கையில் மிஞ்சியவை பத்துத் தீனார்களும் படுத்திருந்த விரிப்பும். டில்லிக்குத் திரும்பினால் சுல்தானுக்கு என்ன பதில் சொல்வது? மாலத்தீவுக்குச் சென்று அங்கே காஜியானார், மணம் புரிந்தார், மந்திரியோடு பிணங்கி, 1344ல் அங்கிருந்தும் புறப்பட்டார்.

இலங்கையில் பாவா ஆதம் மலையைத் தரிசித்த பின், அவரை ஏற்றிய கப்பல் தமிழ்நாட்டுக் கரைக்கருகே உடைந்தது. இருந்த தெப்பத்தில் பெண்களையும் தோழர்களையும் அனுப்பிவிட்டு, இரவு முழுவதும் உடைந்த கப்பலின் பின்பகுதியைப் பற்றிக்கொண்டிருந்தார். விடிந்ததும் நம் கரையோர மக்கள் படகில் வந்து இறக்கினர். அப்போது மதுரையில் சுல்தான் கியாசுத்தீன் ஆண்டு வந்தார். டில்லியில் இப்னு பதூதா மணந்த பெண்ணும், இந்தச் சுல்தானின் மனைவியும் உடன்பிறந்த சகோதரிகள்; மதுரையில் தனியரசு நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மக்கள். ஆக, எங்கோ தன்ஜாவில் பிறந்தவர் மதுரைக்குச் சகலை உறவாக வந்து இறங்கினார்!

உறவு என்பதற்காக அவர் உண்மையை மறைக்கவில்லை. சிறைபிடித்த இந்துக்களை, பெண்களும் குழந்தைகளும் உட்பட, அந்தச் சுல்தான் கொடூரமாகக் கொல்வித்ததைக் கண்டு அருவருத்தார். அதனாலேயே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்று எழுதியும் வைத்தார். பத்தன் என்ற துறைமுகத்தில் கடலுக்குள் மரத்தூண்கள் நட்டுக் கட்டப்பட்ட மண்டபத்தையும், அழகிய கல் பள்ளிவாசலையும் கண்டார். அது இராமநாதபுரக் கரையிலுள்ள பெரியபட்டினமே என்பாரும் உளர். மதுரையில் அப்போது கொள்ளைநோய். பிடித்தவர் இரண்டு மூன்று நாளில் மடிந்தனர். இவருக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. பிழைக்க மாட்டோம் என்றே எண்ணினார். அவ்வூரில் தாராளமாய்க் கிடைத்த புளியை ஒரு ராத்தல் அளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள் வயிறு போயிற்று, காய்ச்சல் இறங்கியது. நம் வீட்டுப் பெண்மக்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அல்லாஹ்வின் நாட்டம், தன்ஜாக்காரரின் உயிர் நம்மூர்ப் புளித்தண்ணீரில் நின்றது.

வங்காளம் போய், 1345-46 வாக்கில் சுமத்ரா வந்தார். அங்கே சமுத்திரா நாட்டுச் சுல்தான் ஷாபிஈ மத்ஹபைப் பேணியவர்; ஜும்ஆவுக்கு நடந்தே வருபவர். அவர் கொடுத்த கப்பலில் சீனம் சென்றார். சீனப் பயணத்தின் சில பகுதிகளை ஆய்வாளர் சிலர் ஐயுறுகின்றனர். எனினும் அங்கே நடந்ததாக அவர் சொன்ன ஒன்றை நாம் விட்டுவிட மனமில்லை. ஒரு நகரில் பெருஞ்செல்வரான முஸ்லிம் ஒருவர் இவரைக் காண வந்தார். முகம் எங்கோ கண்டதுபோலிருக்கவே, ஊர் எது என்று விசாரித்தார். சப்தா என்றார் அவர். தன்ஜாவுக்கு அடுத்த ஊர்! இருவரும் அழுதுவிட்டனர். மீசை அரும்பாத வயதில் மாமனுடன் டில்லிக்கு வந்திருந்த அல்புஷ்ரீ என்ற அதே பையன்தான் அவர். டில்லிச் சுல்தான் இருக்கச் சொல்லியும் இராமல் சீனம் போய்ப் பொருளீட்டியிருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் சஹாராப் பாலைவனத்தின் ஓரத்தில் சிஜில்மாசா என்ற ஊரில், அவருடைய சகோதரர் வீட்டில் இப்னு பதூதா தங்க நேர்ந்தது. ஒரு தாயின் பிள்ளைகள் இருவர் எவ்வளவு தூரத்தில்! நம் குடும்பங்களிலும் ஒருவர் காயல்பட்டினத்தில், ஒருவர் கொழும்பில், ஒருவர் கோலாலம்பூரில் என்று இருப்பதில்லையா?

1348ல் திமிஷ்குக்குத் திரும்பினார். இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. அவ்வூரில் மணந்த மனைவியைக் கருவுற்ற நிலையில் விட்டுப் போயிருந்தார். ஆண் குழந்தை பிறந்தது என்ற செய்தி இந்தியாவில் இருக்கையில் கிடைத்து, குழந்தையின் பாட்டனாருக்கு 40 தங்கத் தீனார் அனுப்பியிருந்தார். இப்போது பள்ளிவாசலுக்குள் சென்று, தெரிந்த இமாம் ஒருவரிடம் முதலில் கேட்டது அந்தப் பிள்ளையைப் பற்றித்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பிள்ளை இறந்துவிட்டதாக இமாம் கூறினார். தன்ஜாவைச் சேர்ந்த அறிஞர் ஒருவர் அங்கிருக்கவே, அவரைத் தேடிச் சென்று பெற்றோரை விசாரித்தார். தகப்பனார் காலமாகிப் பதினைந்து வருடமாயிற்று. தாயார் இருக்கிறார் என்றார் அவர்.

பெரியோரைக் குறைகூறுவது எங்கள் நோக்கமன்று. ஆயினும் 40 தீனார் போய்ச் சேர்ந்ததா, அந்தப் பிள்ளை தகப்பனாரை எப்படி நினைத்தது என்று எங்களால் எண்ணாமலிருக்க முடியவில்லை. மாலத்தீவிலும் ஒரு மகனைத் தாயிடமே விட்டு வந்தார். டில்லியில் ஒரு பெண்குழந்தை ஓராண்டு நிரம்புமுன்பே மடிந்தது. பணம் அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்தது என்று சபர் போன நம்மவர்கள் சிலரும் இருந்தார்கள். அந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு.

அந்த வருடம் பெருங்கொள்ளைநோய் உலகையே வாட்டியது. திமிஷ்கில் ஒரே நாளில் 2,400 பேர் இறந்ததாக அவர் கணக்குச் சொல்கிறார். மறுபடி ஹஜ்ஜுச் செய்துவிட்டு, தாயாரைக் காண மேற்கே திரும்பினார். 1349ல் மொராக்கோவுக்குள் நுழைந்து தாஸா என்ற ஊருக்கு வந்தபோது செய்தி கிடைத்தது. அந்தக் கொள்ளைநோயில் தாயாரும் மறைந்துவிட்டார். தன்ஜாவுக்குப் போய்க் கபுரை ஜியாரத் செய்ய மட்டுமே அவரால் முடிந்தது.

ஊரில் அவர் நிலைக்கவில்லை. ஸ்பெயினுக்கும், சஹாராவுக்குத் தெற்கே மாலி நாட்டுக்கும் சென்று வந்தார். பின்னர் சுல்தான் அபூ இனான் ஆணைப்படி, பாஸ் நகரில் இப்னு ஜுஸை என்ற எழுத்தாளரிடம் தம் பிரயாணங்களைச் சொல்ல, அவர் எழுதினார். 1355 டிசம்பரில் நூல் முடிந்தது. அதன்பின் மொராக்கோவிலேயே ஓர் ஊரின் காஜியாக இருந்து கழித்தார்.

நூலைச் சொல்லும்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சுல்தான்களையும் சீனத்தையும் சொல்வதற்கு முன், முதற்பக்கத்திலேயே, தாம் புறப்பட்ட அன்று தாயும் தந்தையும் உயிரோடிருந்ததையும், அவர்களைப் பிரிந்தபோது மூவரும் வருந்தியதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.