எம்.ஜி.ஆர். கையில் ஏன் சிகரெட் இல்லை? ஆபீஸ் 'தம் பிரேக்' வரை நீளும் ஒரு கதை

மதியம் மூன்றரை மணி. டீம் லீட் எழுந்து நின்று, இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோய், கீழே வர்றீங்களா என்று சைகையிலேயே கேட்கிறார். உங்களுக்குப் பழக்கம் கிடையாது. ஆனாலும் போகிறீர்கள். அடுத்த புராஜெக்ட்டில் யார் யார் என்ற பேச்சு மீட்டிங் ரூமில் நடப்பதைவிட அந்தப் பெட்டிக்கடை வாசலில்தான் அதிகம் நடக்கிறது. இரண்டு மாசத்தில் ஒரு நாள் நீங்களும் ஒன்றை வாங்கிப் பற்றவைக்கிறீர்கள். பல பேருக்கு இப்படித்தான் ஆரம்பம்.

வேண்டாம் என்று சொல்வது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது? சொன்னால் சின்னப் பையன் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு காரணம். சிகரெட்டுக்கும் ஆண்மைக்கும் முடிச்சுப் போட்டு விற்றது உலகம் முழுக்க நடந்த வியாபாரம். ஆனால், தமிழ்நாட்டில் சுமார் முப்பது வருஷம் அந்த முடிச்சை அவிழ்த்து வைத்திருந்தவர் ஒருவர் இருந்தார். சண்டை போடுவார், கத்தி சுற்றுவார், காதலிப்பார், முதலாளியை எதிர்ப்பார். சிகரெட்டை மட்டும் தொடமாட்டார். உங்கள் தாத்தா அவர் ரசிகராக இருந்திருக்கலாம்.

கண்டி, வடவன்னூர், கும்பகோணம்

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாக எல்லை தாண்டிப் போனால், கொல்லங்கோட்டுக்கு அருகே வடவன்னூர் என்று ஓர் ஊர். பாலக்காடு மாவட்டம். மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் என்ற எம்.ஜி.ஆரின் குடும்ப வேர் அங்கேதான். அவர் பிறந்தது அங்கே இல்லை. 1917 ஜனவரி 17-ல், இலங்கையின் கண்டி அருகே நாவலப்பிட்டியில். அப்பா கோபால மேனன், அம்மா சத்தியபாமா. விவரம் தெரியும் முன்பே அப்பா போய்விட்டார். பிள்ளைகளோடு ஊர் திரும்பிய அம்மாவுக்கு அங்கே நிலைக்க வழி இல்லை. பிழைப்பைத் தேடி கும்பகோணம் வந்தார்கள்.

அங்கேயும் வறுமைதான். அண்ணன் சக்கரபாணியும் தம்பியும் சின்ன வயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள். சாப்பாடு கிடைக்கும் என்பதுதான் அந்த வேலையின் பெரிய சம்பளம். நாடகக் கம்பெனி என்பது பள்ளிக்கூடம், விடுதி, வேலையிடம் மூன்றும் ஒன்றாக இருந்த இடம். அதற்குள் கட்டுப்பாடு இறுக்கம். வெளியே நாடகக்காரர்கள் என்றால் கெட்ட பழக்கக்காரர்கள் என்ற இளக்காரம். தனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம், அந்தத் தொழிலுக்கு வந்த ஒரு பையனுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் பின்னால் அவர் கட்டிய பிம்பத்தைப் பார்க்கும்போது அப்படித்தான் தோன்றுகிறது.

முதல் படம் 'சதி லீலாவதி', 1936. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது, எஸ்.எஸ். வாசனின் கதை. குடியால் அழியும் ஒரு மனிதன், இலங்கைத் தேயிலைத் தோட்டம் வரை ஓடிப்போவதுதான் கதை. அதில் எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது ஒரு சின்ன போலீஸ் வேடம். கண்டியில் பிறந்தவர், குடிக்கு எதிரான கதையில், இலங்கைத் தோட்டம் வரும் படத்தில் திரைக்கு வந்தது தற்செயல்தான். அதற்கு அப்புறம் நடந்த எதுவும் தற்செயல் இல்லை.

கதாநாயகனாக 'ராஜகுமாரி' 1947-ல் வரும்போது அவருக்கு முப்பது வயது. 'மலைக்கள்ளன்' 1954, 'நாடோடி மன்னன்' 1958. ராஜா ராணிக் கதைகளில் இருந்தவரை சிகரெட் ஒரு கேள்வியே இல்லை. சமூகப் படங்களுக்கு வந்தபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது.

ரிக்‌ஷாக்காரனுக்கு பீடி வேண்டாமா?

அவர் போட்ட வேடங்களைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்க. 1964-ல் 'படகோட்டி', 'தொழிலாளி'. 1967-ல் 'விவசாயி'. 1970-ல் 'மாட்டுக்கார வேலன்'. 1971-ல் 'ரிக்‌ஷாக்காரன்', சிறந்த நடிகருக்கான தேசிய விருது இதற்குத்தான் கிடைத்தது. 1977-ல் 'மீனவ நண்பன்'.

இந்த வேலைகளை நிஜத்தில் செய்தவர்களிடம் என்ன இருந்தது? காதிடுக்கில் ஒரு பீடி. பெட்டிக்கடை வாசலில் தொங்கும் கங்கு போட்ட கயிற்றில் பற்றவைத்து இரண்டு இழுப்பு. அது வெறும் பழக்கம் இல்லை. பசியை மறக்க, உடம்பு வலியைத் தள்ளிப்போட, முக்கியமாக ஓர் ஓய்வைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள ஒரு வழி. சும்மா உட்கார்ந்தால் மேஸ்திரி திட்டுவார். பீடி குடிக்க உட்கார்ந்தால் திட்டமாட்டார். உங்கள் ஆபீஸிலும் இதே கணக்கு ஓடவில்லையா? பத்து நிமிஷம் வெறுமனே வெளியே போய் நின்றால் என்னாச்சு என்று கேட்பார்கள். தம் அடிக்கப் போனேன் என்றால் அடுத்த கேள்வி வராது.

எம்.ஜி.ஆரின் ரிக்‌ஷாக்காரன் அந்தப் பீடி இல்லாமல் ரிக்‌ஷா ஓட்டினான். யதார்த்தம் பார்த்தால் பொய். அந்தப் பொய்க்கு ஒரு வேலை இருந்தது. வேண்டாம் என்று சொல்பவன் பயந்தவன் இல்லை, ஊரிலேயே பலசாலி அவன்தான் என்று அது காட்டியது. டாக்டர் சொன்னதால் விட்டவன் அல்ல, சாமிக்கு வேண்டிக்கொண்டதால் விட்டவன் அல்ல. தேவையில்லை என்பதால் தொடாதவன். பழக்கம் இல்லாத ஓர் இளைஞன் நண்பர்கள் நடுவில் தலைகுனியாமல் நிற்க இது போதுமானதாக இருந்தது. நிஜ வாழ்க்கையிலும் அவர் புகை, மது இரண்டையும் தொடாதவர் என்றே அறியப்பட்டார் என்பது அந்தப் பிம்பத்துக்கு ஜாமீன் மாதிரி நின்றது.

குடிக்கிற காட்சி ஒன்று வந்தபோது என்ன செய்தார் தெரியுமா? அவருடைய நூறாவது படம் 'ஒளிவிளக்கு', 1968. இந்தியில் வந்த 'பூல் அவுர் பத்தர்' படத்தின் தழுவல். அதில் நாயகன் குடிப்பான். குடித்த உடனே அவனுடைய மனசாட்சி, எம்.ஜி.ஆர். உருவத்திலேயே பல பேராக எழுந்து நின்று அவனைக் கண்டித்துப் பாடும். ஒரு தப்பு செய்ய வைத்தால், அதைக் கேட்க நாலு எம்.ஜி.ஆர். தேவைப்பட்டார்கள்!

சிகரெட் எங்கே போனது? நம்பியாரிடம்

நாயகன் தொடாத பொருளை யாராவது தொட்டாக வேண்டும். அது வில்லனின் கைக்குப் போனது. எம்.என். நம்பியார், அசோகன் வாயில் புகை வந்தாலே ஆள் யார் என்று தியேட்டரில் குழந்தைக்கும் புரிந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், கண்ணூர் பக்கத்தில் பிறந்த நம்பியார் நிஜத்தில் சைவம், மதுவைத் தொடாதவர், அறுபது தடவைக்கு மேல் சபரிமலை ஏறிய குருசாமி. தமிழ்நாட்டிலிருந்து இப்போதும் கம்பம், குமுளி வழியாக இடுக்கி மலையேறி, வண்டிப்பெரியாறு தாண்டி சபரிமலைக்குப் போகிற கூட்டத்தைக் கார்த்திகையில் பார்க்கலாம். மாலை போட்ட நாற்பத்தோரு நாளும் சிகரெட் கிடையாது. மாலை போட்டிருக்கேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்த ஆபீஸிலும் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். மாலையைக் கழற்றிய மறுநாள் அதே ஆள் அதே கடை வாசலில். விரதத்துக்கு மரியாதை உண்டு. சும்மா வேண்டாம் என்பதற்கு இல்லை. எம்.ஜி.ஆர். கொடுத்தது அந்தச் சும்மா வேண்டாமுக்கான மரியாதையை.

அதே காலத்தில் சிவாஜி கணேசன் சிகரெட்டை ஒரு நடிப்புக் கருவியாகவே மாற்றிவிட்டார். 'சாந்தி' படத்தில் அவர் புகைவிடும் அழகை இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு. ஆக, எம்.ஜி.ஆர். சொன்னதுதான் ஊர் வழக்கம் என்று நினைக்க வேண்டாம். அது ஒரு தேர்வு. கூடவே நல்ல அரசியல் முதலீடும்தான். தாய்மார்களின் ஓட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

1967-ல் எம்.ஆர். ராதா சுட்டதில் குரல் போனது, 1972-ல் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு அண்ணா தி.மு.க. தொடங்கியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. 1977 ஜூன் 30-ல் முதல்வரானார். கடைசிப் படம் 1978 பொங்கலுக்கு வந்தது. அவர் கோட்டைக்குப் போன அதே வருஷங்களில் திரையில் என்ன நடந்தது என்று பாருங்க: 1976-ல் 'மூன்று முடிச்சு'. கெட்டவனாக வந்த ஒரு புது நடிகர் சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடித்தார். சில வருஷத்தில் அவரே நாயகன், சிகரெட்டும் கூடவே நாயகன் கைக்கு வந்துவிட்டது. பிற்பாடு ரஜினிகாந்தே புகை வேண்டாம் என்று மேடையில் கேட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

முதல்வர் ஆன பிறகு

இங்கேதான் கதை கொஞ்சம் கசக்கிறது. மதுவிலக்கைக் கருணாநிதி 1971-ல் தளர்த்தியதைக் கடுமையாக எதிர்த்தவர் எம்.ஜி.ஆர். ஆட்சிக்கு வந்த புதிதில் சட்டத்தை இறுக்கவும் செய்தார். ஆனால் 1981-ல் அவர் அரசே கதவைத் திறந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. புகையிலை விஷயத்திலோ, திரையில் இருந்த பிடிவாதத்துக்கு ஈடாக எந்தச் சட்டமும் அவர் ஆட்சியில் வரவில்லை. திருநெல்வேலியிலும் வேலூரிலும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிப் பிழைத்த பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்தால், எந்த அரசும் தயங்கியிருக்கும் என்பதும் உண்மைதான்.

இன்னொன்று. 1969-ல் அவருடைய தலைவர் அண்ணா உணவுக்குழாய் புற்றுநோயில் இறந்தார். பொடியும் புகையிலையும் அண்ணாவை விடாத பழக்கங்கள். அந்த மரணத்துக்குத் தமிழ்நாடே அழுதது. புகையிலைக்கு எதிராக ஓர் இயக்கம் அதிலிருந்து எழவில்லை. ஏன்? புகை பிடிக்கிறவன் கெட்டவன் என்று சொல்லிப் பழகிய ஊரில், நல்லவர் ஒருவர் புகையிலையால் போனால் அதைப் பேச வார்த்தை இருக்காது.

இதுதான் எம்.ஜி.ஆர். வழியின் குறை என்று நான் நினைக்கிறேன். அது புகையைக் குணத்தோடு கட்டிவிட்டது. பழகாதவனுக்கு அது கவசம். பழகிவிட்டவனுக்கு அவமானம், வீட்டில் மறைப்பான், டாக்டரிடமும் மறைப்பான், உதவி கேட்கமாட்டான். ஆபீஸ் வாசலில் ஒரு பெண் சிகரெட் பிடித்தால் அவளுடைய நுரையீரலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, நேராகக் குணத்துக்குப் போய்விடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் ஆண் அதையே பிடித்தால் அது டென்ஷன்.

எம்.ஜி.ஆரும் ஆரோக்கியத்துக்கு விளம்பரமாக முடியவில்லை. 1984-ல் சிறுநீரகம் செயலிழந்தது, பக்கவாதம் வந்தது. அமெரிக்காவின் புரூக்ளினில் சிகிச்சை. அண்ணன் மகள் சிறுநீரகம் கொடுத்தார். 1987 டிசம்பர் 24-ல் இறந்தார். எல்லா நோயும் பழக்கத்தால் வருவதில்லை.

அடுத்தவன் மூச்சு

அவர் போய் 12 வருஷம் கழித்து, அவருடைய வேர் இருந்த கேரளத்திலிருந்து வேறொரு வாதம் வந்தது. 1999 ஜூலை 12-ல் ஒரு பொதுநல வழக்கில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஏ.ஆர். லட்சுமணனும் கே. நாராயண குருப்பும், பொது இடத்தில் புகைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். லட்சுமணன் தமிழ்நாட்டுக்காரர். தீர்ப்பின் அடிப்படை நல்லவன் கெட்டவன் இல்லை. நீங்கள் விடும் புகையைப் பக்கத்தில் இருப்பவர் சுவாசிக்கிறார், அது அவருடைய வாழும் உரிமையில் கைவைப்பது, அவ்வளவுதான். 2001-ல் உச்ச நீதிமன்றமும் நாடு முழுக்க அதையே சொன்னது. 2003-ல் மத்திய சட்டம். 2008 அக்டோபர் 2 முதல், அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, அலுவலகங்களையும் சேர்த்து விதிகள் நடைமுறைக்கு வந்தன.

உங்கள் ஆபீஸுக்கு இதில் என்ன இருக்கிறது? கட்டடத்துக்குள் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். நுழைவாயிலில் எச்சரிக்கைப் பலகை வைப்பதும், உள்ளே ஆஷ்டிரே, லைட்டர் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் அந்த இடத்தின் பொறுப்பாளர் வேலை. புகார் வந்தும் அவர் சும்மா இருந்தால் அபராதம் அவருக்கும் உண்டு. தனிப் புகை அறை என்பது விமான நிலையம், 30 அறைக்கு மேற்பட்ட ஹோட்டல், 30 இருக்கைக்கு மேற்பட்ட உணவகம் ஆகியவற்றுக்குத்தான், உங்கள் ஐ.டி. நிறுவனத்துக்கு இல்லை. வேப் அடிக்கலாமே என்று நினைக்காதீங்க, 2019 முதல் இ-சிகரெட் விற்பனையே நாடு முழுக்கத் தடை. அப்படியும், 2016-17-ல் எடுத்த தேசிய புகையிலைக் கணக்கெடுப்பில், உள்ளரங்கில் வேலை பார்க்கிறவர்களில் 30.2 சதவீதம் பேர் வேலையிடத்தில் அடுத்தவர் புகையைச் சுவாசிப்பதாகத் தெரிந்தது. புகை பிடிக்கிறவர்களோ 10.7 சதவீதம்தான்.

வாசலுக்கு வெளியே, பெட்டிக்கடைப் பக்கம், சட்டத்தின் கை தளர்ந்துவிடுகிறது. புராஜெக்ட் பேச்சை அங்கே நடத்தாதே என்று எந்த விதியும் மேனேஜரிடம் சொல்லவில்லை. பழக்கம் இல்லாதவர் டீம் பேச்சிலிருந்து விடுபட்டுப்போவதை ஹெச்.ஆர். ஒரு பிரச்சினையாக எடுத்துக்கொண்ட நிறுவனம் ஒன்றிரண்டு இருந்தால் சந்தோஷம்.

ஏற்கெனவே பழகிவிட்டவராக இருந்தால் இன்னொரு தகவல். சிகரெட் பாக்கெட்டின் எச்சரிக்கைப் படத்தோடு 1800-11-2356 என்று ஓர் எண் இருக்கும். விட நினைப்பவர்களுக்கான மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் அது.