ராமானுஜன் கையில் கிடைத்த டியூஷன் புத்தகம்

படிவம் நான்கில் கூடுதல் கணிதம் எடுக்கலாமா, விட்டுடலாமா? பொறியியல் படிக்கிற அண்ணன் என்பதால், இந்தக் கேள்வி எனக்குத் தப்பாமல் வரும். பதிலுக்கு நான் சீனிவாச ராமானுஜன் கதையைச் சொல்வேன். அவர் மேதை என்பது எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூட வயதில் அவருக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்காமல் போச்சு என்பதுதான் நமக்கு முக்கியம்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்தவர், வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா ஜவுளிக் கடைக் குமாஸ்தா. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பாடுவார். வீட்டில் கல்லூரி மாணவர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கணக்கெல்லாம் பையனுக்கு 11 வயதிலேயே தீர்ந்துபோச்சு. அடுத்து லோனியின் திரிகோணமிதி புத்தகம் இரவலாக வந்தது. 13 வயதில் அதையும் கரைத்துக் குடித்துவிட்டார்.

1903-இல் இன்னொரு புத்தகம் கைக்கு வந்தது. எழுதிய கார் என்பவர் லண்டனில் ஒரு டியூஷன் வாத்தியார். பரீட்சைக்குத் தயாராகும் மாணவர்களுக்காக, சுமார் 5000 சூத்திரங்களை எண் போட்டு அடுக்கியிருந்தார். நிரூபணம் பெரும்பாலும் கிடையாது; இருந்தால் சின்னக் குறிப்புதான். ராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் எழுதுவார், முழங்கையால் அழிப்பார், விடையை மட்டும் நோட்டில் எழுதுவார். செய்முறை எல்லாம் அந்த முழங்கையோடு போச்சு!

1904-இல் பள்ளியில் கணிதப் பரிசும், கல்லூரிக்கு உதவித்தொகையும் கிடைத்தன. ஆனால் கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போனது. வீட்டை விட்டே ஓடினார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் இரண்டு தடவை தோல்வி. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் பட்டப்படிப்பு என்பது அன்றைய விதி.

கையில் பட்டம் இல்லை, வேலை இல்லை. 1910-இல் திருக்கோவிலூரில் ராமசுவாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டுப் போனார். அவர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் பார்த்ததும், இந்த ஆளைக் குமாஸ்தா வேலையில் முடக்கக் கூடாது என்று நினைத்து, சென்னையில் தெரிந்தவர்களிடம் அனுப்பினார். அப்படித்தான் வழி திறந்தது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம். 1914-இல் கப்பல் பயணம்.

அங்கே ஹார்டிக்கு ஒரு சங்கடம். விடைகள் அதிசயமானவை, நிரூபணம் என்றால் என்ன என்பதே ராமானுஜனுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. 16 வயதில் யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியதை, 26 வயதுக்கு மேல் கற்றுக்கொண்டார். எஃப்.ஏ. தேறாதவருக்கு 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். ஆனால் உடம்பு விழுந்துவிட்டது. 1919-இல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-இல் 32 வயதில் காலமானார்.

நாமக்கல் நாமகிரித் தாயார் அருளால்தான் எல்லாம் வந்தது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை கொண்டவர்தான் தினமும் சிலேட்டைத் தேய்த்தார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது 1904-க்குப் பிறகு வீணான வருடங்கள். புத்தகம் கிடைத்த பையனுக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் கிடைக்கவில்லை. சூத்திரப் பட்டியல் இன்றைக்கு எல்லார் கையிலும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நம்ம பிள்ளைகள் தனியாக முட்டி மோதி, கடைசியில் கூடுதல் கணிதத்தை விட்டுவிடுகிறார்கள். எல்லாரும் ராமானுஜன் ஆக வேண்டாம். ஆனால் பல்கலைக்கழகம் போன நம்மில் ஒருவர், வாரம் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, விடை இருக்கட்டும், இது ஏன் இப்படி வருதுன்னு எழுதிக் காட்டு தம்பி என்று கேட்கலாமே. அதற்குப் பெரிய மேதை தேவையில்லை.