அறிஞர் ரேமண்ட் டார்ட்

மனிதகுலம் எங்குத் தோன்றியது? தொன்மனிதனின் இயல்பு எத்தகையது? இவ்விரு வினாக்களுள் முதலாவதில் வென்று, இரண்டாவதில் தவறிய பேரறிஞர் ஒருவரின் வாழ்வை இவ்வெள்ளிவிழா மலரில் நம் மாணவச் செல்வங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ரேமண்ட் டார்ட் 1893ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்று, லண்டனில் உடற்கூற்றியல் ஆய்வில் தேர்ந்து, 1923இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் பேராசிரியப் பொறுப்பேற்றார்.

1924ஆம் ஆண்டின் இறுதியில், தாவுங் என்னும் ஊரின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சில பாறைத் துண்டுகள் அவரிடம் வந்து சேர்ந்தன. ஒன்றில் மூளையின் வடிவம் கல்லாய் இறுகியிருந்தது. அதனோடு பொருந்தும் முகம் மற்றொன்றில் புதைந்திருந்தது. தம் துணைவியாரின் பின்னல் ஊசிகளையும் கருவியாகக் கொண்டு வாரக்கணக்கில் பாறையைச் சுரண்டினார். பால்பற்கள் கொண்ட ஒரு குழந்தையின் முகம் வெளிப்பட்டது. மூளை சிறிது; எனினும் கோரைப்பற்களும் சிறியனவே. முதுகுத்தண்டு மண்டையோட்டுடன் இணையும் துளை, குரங்கிற்கு இருப்பதினும் முன்னோக்கி அமைந்திருந்தது. ஆகவே இவ்வுயிர் நிமிர்ந்து நடந்தது என்றும், மனிதகுலத்தின் தொட்டில் ஆப்பிரிக்காவே என்றும் 1925 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் எழுதினார். அதற்கு ஆஸ்திரலோபித்திகஸ் ஆப்பிரிக்கானஸ் எனப் பெயரிட்டார்.

ஆர்தர் கீத் முதலிய லண்டன் அறிஞர்கள் அதனைக் குரங்கினத்தோடு சேர்த்து ஒதுக்கினர். பெருமூளையே முதலில் வளர்ந்தது என்பது அவர்தம் துணிபு. 1912இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்ட பில்டவுன் மண்டையோடு அதற்குச் சான்றாக நின்றது. டார்ட் இருபதாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. 1936 முதல் ராபர்ட் புரூம் கண்டெடுத்த புதைபடிவங்கள் டார்ட்டின் கூற்றை உறுதிசெய்தன. 1947இல் கீத் தம் பிழையை ஒப்புக்கொண்டார். 1953இல் பில்டவுன், மனித மண்டையோட்டுடன் ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்த மோசடி என வெளிப்பட்டது.

வென்ற டார்ட் அடுத்துச் சறுக்கினார். மகபான்ஸ்காட் குகையின் உடைந்த விலங்கெலும்புகளுள் சில பகுதிகள் மிகுந்தும் சில குறைந்தும் கிடந்தன. ஆதிமனிதன் அவற்றை ஆயுதங்களாகத் தெரிந்தெடுத்தான், கொலையே அவன் இயல்பு என்று முடிவு கட்டினார். பாப் பிரைன் என்னும் ஆய்வாளர் நமீபியாவில் ஆடு வளர்க்கும் மக்கள் தின்றெறிந்து, நாய்கள் கடித்த ஆட்டெலும்புகளை எண்ணிப் பார்த்தார். வன்மையான பகுதிகள் எஞ்ச, மென்மையானவை அழிந்து, அதே விகிதமே அங்கும் இருந்தது! சுவார்ட்கிரான்ஸ் குகையின் மண்டையோடு ஒன்றிலிருந்த இரு துளைகளோ சிறுத்தையின் பற்களோடு பொருந்தின. வேட்டையாடியவன் என்று பழிக்கப்பட்ட ஆதிமனிதன், பல வேளைகளில் வேட்டையாடப்பட்டவன். தாவுங் குழந்தையையும் கழுகே கொன்றிருக்கலாம் என 1995இல் ஆய்வாளர் கூறினர்.

மனிதகுலத்திற்கு ஒரே தொட்டிலைக் காட்டிய டார்ட்டே, மக்களை இன வகைகளாகப் பிரித்து அளக்கும் அக்காலப் பழக்கத்திலிருந்து விடுபடவில்லை என்பதையும் மறைத்தல் முறையன்று. 1988இல், தம் 95ஆம் வயதில் அவர் மறைந்தார்.

முதன்முறை, எலும்பு காட்டியதையே சொன்னார், வென்றார். மறுமுறை, அவ்வெலும்பை வேறு எது உடைத்திருக்கக்கூடும் என வினவாது விட்டார், தவறினார். உயர்வு தாழ்வு பிறவியிலேயே அமைந்தது, அதுவே மனித இயற்கை என்று பிறர் கூறக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இயற்கை எனச் சொல்லப்படுவது எதுவாயினும், சொல்பவர் எத்துணைப் பெரியவராயினும், சான்றைக் கேட்போம். அச்சான்றையும் திருப்பிப் பார்ப்போம். நம் பிள்ளைகளுக்குக் கல்வி தரவேண்டிய துணிவு இதுவே.