கொடுத்த கையும் பறித்த கையும்

திருமுருகன்பூண்டிக்கு ஒரு கதை உண்டு. பூண்டிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறோம். சேரமான் தந்த பொன்னோடு சுந்தரர் வருகிறார். வழியிலே வேடர்கள் பாய்கிறார்கள், பொன் பறிபோகிறது. பறித்தவர் யார்? சிவனுடைய பூதகணங்களாம்! ஏவியவர் யார்? சிவனேயாம்! சுந்தரர் பாடி முறையிட்டதும் பறிபோன பொன் திரும்பி வந்ததாம். வேடுபறி என்று அதற்கு விழாவும் எடுக்கிறார்கள். கதை மெய்யா பொய்யா என்று வழக்காட இன்று நாம் வரவில்லை. அதிலே அடங்கிய செய்தி ஒன்று போதும். பறித்த கையும் கொடுத்த கையும் ஒன்றுதான். ஆனால் கும்பிடு விழுவதோ கொடுத்த கைக்கு!

இதை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. ஷிப்ட் முடிந்து தேநீர்க் கடையிலே கூடும் இளந்தோழர் சிலரிடம் ஒரு மயக்கம் காண்கிறோம். சட்டம் கைவிட்ட ஏழையைத் தாதாக்கள் தாங்கினார்கள், பம்பாயிலே தமிழனுக்கு அரணாக நின்றவர் ஒரு தாதாதான் என்று பெருமை பேசுகிறார்கள். பேசட்டும். அந்தத் தாதாவின் வாழ்வை முழுதாகப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அவர் பெயர் வரதராசன் முதலியார். பம்பாய் அழைத்த பெயர் வரதா பாய். சாதிப் பட்டத்தை ஒதுக்கிவிட்டு, வரதராசன் என்றே நாம் சொல்வோம்.

1926-ஆம் ஆண்டு தூத்துக்குடியிலே பிறந்தவர். 1940-களிலே பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு இரயிலேறினார். விக்டோரியா டெர்மினஸ் நிலையத்திலே பிறர் பெட்டியைத் தன் தலையிலே சுமந்தார். அருகிலிருந்த தர்காவிலே ஏழைகளுக்குச் சோறிடும் வழக்கம் அந்த நாளிலேயே அவருக்கு உண்டு என்பர். தொடக்கத்திலே அவரும் ஒரு பாட்டாளி. நம்மைப் போன்ற பாட்டாளி. இதை நாம் மறைக்கவில்லை. மறைக்கத் தேவையும் இல்லை.

அவரைப் போலவே நெல்லைச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் தமிழர் ஆயிரமாயிரமாய்ச் சென்றனர். தாராவியிலே தோல் பதனிட்டனர். துறைமுகத்திலே மூட்டை தூக்கினர். அவர்கள் உழைப்பை ஏற்றுக்கொண்ட மாநகர், அவர்களை ஏற்றுக்கொண்டதா? சதுப்பு நிலத்திலே குடிசை. குடிசைக்குக் குழாய் இல்லை, கழிப்பிடம் இல்லை, பட்டா இல்லை. ரேஷன் அட்டை கேட்டால் முகவரி எங்கே என்பார்கள். முகவரி கேட்டால் அட்டை எங்கே என்பார்கள்! வாய் திறந்தால் மதராசி என்ற ஏச்சு. 1966-லே சிவசேனை தோன்றிய பிறகு, தென்னாட்டார் கடைகள் மீது கல்லும் விழுந்தது. காவல் நிலையத்துக்குப் போனால் மொழி புரியாது. புரிந்தாலும் நீதி கிடைக்காது.

இந்த வெற்றிடத்திலேதான் வரதராசன் எழுந்தார்.

எழுவதற்கு ஏணி தந்தது எது? 1949-ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம். சட்டம் கடையை மூடியது; குடிப்பவன் வாயை மூடவில்லை. ஒதுக்குப்புறச் சேரிகளிலே ஊறல் போட்டார்கள், காய்ச்சினார்கள், மாநகரெங்கும் விற்றார்கள். காவல்துறைக்கு மாமூல் போயிற்று. சாராயத்திலே சேர்ந்த பணம் ஆளைச் சேர்த்தது; ஆள் சேர்ந்ததும் துறைமுகச் சரக்கு காணாமற்போயிற்று; நிலத்தைப் பறிப்பதற்கும் ஆளைத் தீர்ப்பதற்கும் கூலி பேசப்பட்டது. பனைக்குளத்திலிருந்து போன ஹாஜி மஸ்தான், பட்டாணியரான கரீம் லாலா, நம் வரதராசன் - இம்மூவர் பெயரும் சேர்ந்தே ஒலித்த காலம் அது.

மறுபக்கமும் உண்டு. மாதுங்காவிலும் தாராவியிலும் அவர் வாசலிலே ஏழைகள் நின்றார்கள். அரிசி கேட்டவருக்கு அரிசி. மகள் திருமணத்துக்குப் பணம். மின்விளக்கு வேண்டுமென்றால் மின்விளக்கு. வழக்கு என்றால் அங்கேயே தீர்ப்பு! மாதுங்கா நிலையத்தருகே அவர் நடத்திய பிள்ளையார் விழாவின் பந்தல், பம்பாயையே திரும்பிப் பார்க்க வைத்தது.

தோழர்களே, இது பம்பாயிலே மட்டும் நடந்த விந்தையன்று. அமெரிக்காவிலே 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. சிகாகோ நகரிலே அல் கபோன் என்பவன் கள்ளச்சாராயத்தால் கோடீசுவரனானான், துப்பாக்கியால் கோலோச்சினான். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய 1930-லே, அவனே இலவசக் கஞ்சித்தொட்டி திறந்தான்! பசித்தவர்கள் வரிசையிலே நின்று வாழ்த்தினார்கள். 1931-லே அவனுக்குத் தண்டனை கிடைத்தது, எதற்காக? கொலைக்காக அன்று, வருமான வரி ஏய்ப்புக்காக!

இப்போது கணக்குப் பார்ப்போம். வரதராசன் கொடுத்த அரிசி எந்தப் பணத்திலே வந்தது? சாராயப் பணத்திலே. அந்தச் சாராயத்தைக் குடித்தவன் யார்? மலபார் குன்றின் மாளிகைக்காரனா? அவனுக்குச் சீமைச் சரக்கு உண்டே! குடித்தவன் தோல் ஆலைத் தொழிலாளி, துறைமுகக் கூலி. அவன் கூலியை இரவிலே வாங்கி, அதிலே ஒரு பிடியை அரிசியாக்கி, காலையிலே அவன் மனைவி கையிலே கொடுத்தால், அதற்குப் பெயர் கொடையா? கள்ளச்சாராயம் குடும்பத்தை என்ன செய்யும் என்பதை 2024-லே கள்ளக்குறிச்சியில் கண்டோமே! அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயினவே!

இன்னொன்றும் கேட்போம். குழாயும் விளக்கும் ரேஷன் அட்டையும் யாருடைய பிச்சை? அவை குடிமகனின் உரிமை. உரிமையாக வரவேண்டியது கருணையாக வந்தால், பெற்றவன் குடிமகனாக நிமிர்வதில்லை, அடியாளாகக் குனிகிறான். கொடுத்தவர் கேட்கும் நாளிலே மகனை அனுப்ப வேண்டும். கண்டதைக் காணவில்லை என்று சாட்சி சொல்ல வேண்டும். அந்தக் கடனுக்குத் தவணையும் இல்லை, தள்ளுபடியும் இல்லை.

முடிவு என்ன ஆயிற்று? 1980-களின் நடுவிலே காவல்துறை அதிகாரி பவார் நெருக்கினார். கூட்டம் கலைந்தது. வரதராசன் சென்னைக்கு வந்தார். 1988 சனவரி 2-ஆம் நாள் அங்கேயே மறைந்தார். தனி விமானத்திலே அவர் உடல் பம்பாய்க்குச் சென்றது. மக்கள் கூடி அழுதனர். அதற்கு முந்தைய ஆண்டு வந்த நாயகன் படம், அவர் வாழ்வின் சாயலை ஊரெங்கும் கொண்டு சென்றிருந்தது. ஆனால் அவர் போனதும் அந்த வாசல் அடைந்தது. தனியொருவர் கருணை அவரோடு போகும். சங்கம் வாங்கிய உரிமை பேரனுக்கும் நிற்கும்.

அதே பம்பாயிலே 1982 சனவரியில், சுமார் இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அது தோற்றது, ஆலைகள் மூடின. வேலையிழந்த வீடுகளின் பிள்ளைகள் பலரைத் தாதாக் கூட்டங்கள் வாரிக்கொண்டன. சங்கம் வீழ்ந்த இடத்திலே கத்தி முளைத்தது! திருப்பூரிலோ 1984-லே பனியன் தொழிலாளர் பஞ்சப்படிக்காக 127 நாள் போராடினார்கள். அந்த நாள்களிலே சோறு கண்டது சங்கத்தால். எந்த பாயின் தயவாலும் அன்று.

இன்று நிலை என்ன? பம்பாய்க்கு நாம் போன காலம் மாறி, நம்மிடம் பிறர் வரும் காலம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் திருப்பூர் வட்டாரத்து லைன் வீடுகளிலே நெருக்கியடித்து வாழ்கிறார்கள். அவர்களுக்கு மொழி புரியாது. கான்ட்ராக்டர் பிடித்த கணக்கும் புரியாது. 2023 மார்ச்சிலே பொய்க் காணொளிகள் பரவியபோது, உயிருக்கு அஞ்சி இரயிலேறினார்கள் சிலர். அன்று தாராவியிலே மதராசி நின்ற இடத்திலே, இன்று நம் தெருவிலே அவர்கள் நிற்கிறார்கள்.

அவர்களை வடக்கன் என்று நாம் ஒதுக்கினால், அவர்கள் யாரிடம் போவார்கள்? அவர்கள் மொழி பேசும் ஒரு வரதா பாயிடம்! பிறகு கத்தி முளைத்தபின் காவல்துறையைக் குறை சொல்லிப் பயன் என்ன?

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியது எளிது. பக்கத்து மெஷினிலே தைப்பவனின் பெயரைக் கேளுங்கள். அவனுடைய பி.எஃப். கட்டப்படுகிறதா, இ.எஸ்.ஐ. அட்டை உண்டா என்று பாருங்கள். நியாயவிலைக் கடையிலே அவன் பொருள் வாங்க வழியுண்டு, அழைத்துச் செல்லுங்கள். சங்கத்திலே அவனுக்கு ஒரு சந்தா இரசீது போடுங்கள். தாதாவிடம் அவன் வாங்கும் சோற்றை விட, அந்தத் துண்டுச் சீட்டு நெடுநாள் பசியாற்றும்.