ஒளியின் வழி கண்ட இப்னுல் ஹைதம்



வெண்பனி மூடிய மலையில் நண்பகலில் நிற்பவருக்குக் கண் கூசும். அருகிலுள்ள கரும்பாறையைப் பார்த்தால் கூசாது. இரண்டின் மீதும் படுவது ஒரே வெயில்தான். பரப்புகளின் மீது பட்ட ஒளி என்னவாகிறது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முறையாக ஆராய்ந்தவர் இப்னுல் ஹைதம் ஆவார்.

இவர் ஹிஜ்ரி 354 (கி.பி. 965) அளவில் ஈராக்கின் பஸ்ரா நகரில் பிறந்தார். நைல் நதியின் நீரோட்டத்தை ஒழுங்குபடுத்த இயலும் என்று இவர் கூறியதைக் கேள்வியுற்ற ஃபாத்திமி கலீஃபா அல்ஹாக்கிம், இவரை எகிப்துக்கு வரவழைத்தார். அஸ்வான் பகுதிக்குச் சென்று நேரில் கண்டபின், தம் திட்டம் நிறைவேறாது என்பதை உணர்ந்து, அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பின்னர், கலீஃபாவின் சினத்துக்கு அஞ்சிப் பித்தரைப்போல் நடித்து, 1021இல் அல்ஹாக்கிமின் ஆட்சி முடியும் வரை வீட்டுக்காவலில் இருந்தார் என வரலாற்றாசிரியர் அல்கிஃப்தி எழுதியுள்ளார். அதன்பின் அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் அருகே தங்கி, கணித நூல்களைப் படியெடுத்து விற்று எளிமையாக வாழ்ந்தார்.

கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கருதினர். பேரறிஞர்கள் சொன்னது என்பதற்காக அதனை இவர் ஏற்கவில்லை. சூரியனை உற்றுநோக்கினால் கண் வலிப்பதை எடுத்துக்காட்டி, ஒளியே கண்ணை வந்தடைகிறது என நிறுவினார். மெருகேற்றிய ஆடி ஒளியைக் குறிப்பிட்ட திசையில் திருப்புகிறது. சுவர் போன்ற சாதாரணப் பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. அதனாலேயே சுவரை எப்பக்கமிருந்தும் காண்கிறோம். வெயிலில் பசுஞ்செடிகளிடையே நடப்பவரின் வெண்ணிற ஆடையில் பசுமை படிவதையும் இவர் கவனித்தார். இவற்றையெல்லாம் ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஏழு பாக நூலில் வடித்தார்.

வெண்பனிக்கும் இவ்விளக்கம் பொருந்தும். பனிக்கட்டி நிறமற்றது, ஆயினும் எண்ணற்ற பனித்துகள்களின் முகப்புகளில் பட்டுச் சிதறும் ஒளி எல்லா நிறங்களையும் சேர்த்துத் திருப்பியனுப்புவதால் வெண்பனி வெண்மையாகத் தோன்றுகிறது. புதிதாக விழுந்த வெண்பனி, தன்மீது படும் வெயிலில் 80 விழுக்காட்டிற்கும் மேல் திருப்பிவிடுகிறது என இன்றைய அறிவியல் அளந்துள்ளது.

1040 அளவில் இவர் கெய்ரோவில் மறைந்தார். இவரது நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சேறி, ஐரோப்பிய அறிஞர்களுக்கு வழிகாட்டியது.

தவறை ஒப்புக்கொள்ளும் துணிவும், எதையும் சோதித்தறியும் பொறுமையுமே இப்னுல் ஹைதமை உயர்த்தின. நம் பிள்ளைகளுக்கு நாம் சேர்த்துவைக்க வேண்டிய செல்வம் இவையன்றோ!