பிரீட்ரிக் லிஸ்ட்

பிரீட்ரிக் லிஸ்ட் (1789 - நவம்பர் 30, 1846) ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு பொருளியலாளர் ஆவார். ஒரு நாட்டிடம் உள்ள செல்வத்தைக் காட்டிலும், அச்செல்வத்தை உருவாக்கும் ஆற்றலே முதன்மையானது என்னும் கருத்தை முன்வைத்தவர்.

வாழ்க்கை

லிஸ்ட், தென்மேற்கு ஜெர்மனியின் ராய்ட்லிங்கன் நகரில் தோல் பதனிடும் தொழில் செய்த ஒருவரின் மகனாகப் பிறந்தார். அரசு எழுத்தராகப் பணி தொடங்கிய இவர், 1817 இல் டூபிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அக்காலத்தில் ஜெர்மனி பல அரசுகளாகப் பிரிந்திருந்தது. வணிகர்கள் எல்லைதோறும் சுங்கம் செலுத்த வேண்டியிருந்தது. 1819 இல் பிராங்க்பர்ட்டில் வணிகர் சங்கம் ஒன்று உருவாகத் துணைநின்று, உள்நாட்டுச் சுங்கங்களை நீக்கக் கோரினார். அதே ஆண்டில் பேராசிரியர் பதவியை இழந்தார்.

பின்னர் வூர்ட்டம்பெர்க் சட்டமன்றத்துக்குத் தெரிவானார். நிர்வாகச் சீர்கேடுகளைக் கண்டித்து மனு எழுதியமைக்காக அவருக்கு 1822 இல் 10 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நாட்டைவிட்டு வெளியேற ஒப்புக்கொண்டதன் பேரில் விடுவிக்கப்பட்டு, 1825 இல் ஐக்கிய அமெரிக்கா சென்றார். அங்கு பென்சில்வேனியாவில் செய்தித்தாள் ஆசிரியராகப் பணிபுரிந்ததுடன், நிலக்கரிச் சுரங்கத்திலும் தொடருந்துப் பாதை அமைப்பதிலும் ஈடுபட்டார். நாடு திரும்பிய பின், 1839 இல் நிறைவுற்ற லைப்சிக் - டிரெஸ்டன் தொடருந்துப் பாதைக்காக உழைத்தார்.

இவர் வலியுறுத்திய சுங்க ஒன்றியம் 1834 இல் நடைமுறைக்கு வந்தபோதும், இவருக்கு நிலையான பதவி எதுவும் கிடைக்கவில்லை. பணநெருக்கடியாலும் நோயாலும் மனமுடைந்து, கூப்ஸ்டைன் என்னும் ஆஸ்திரிய நகரில் தற்கொலை செய்துகொண்டார்.

கருத்துகள்

இவரது முதன்மை நூலான தேசியப் பொருளியல் முறைமை 1841 இல் வெளியானது. மூலப்பொருளை விற்று முடிவுற்ற பொருளை வாங்கும் நாட்டில் திறனும் அறிவும் வளர்வதில்லை என்பது இதன் அடிப்படை வாதமாகும். ஆசிரியர்களின் உழைப்பை ஆக்கமற்றதாகக் கருதிய ஆடம் ஸ்மித்தின் வகைப்பாட்டை லிஸ்ட் மறுத்தார். கல்வி, அறிவியல், நல்ல சட்டம், போக்குவரத்து ஆகியவை நாட்டின் ஆக்க ஆற்றல்கள் என்றார். இளந்தொழில்களுக்குச் சுங்கவரிப் பாதுகாப்பு தேவை எனினும், அவை போட்டியிடும் வலிமை பெற்றதும் அதனை விலக்க வேண்டும் என்பது இவரது நிலைப்பாடு. இந்தியத் துணிகளைத் தடை செய்தே இங்கிலாந்து தன் நெசவுத்தொழிலை வளர்த்தது என்பதையும் எடுத்துக்காட்டினார்.

விமர்சனமும் தாக்கமும்

வெப்பமண்டல நாடுகள் ஆலைத்தொழிலுக்கு ஏற்றவை அல்ல என லிஸ்ட் கருதினார். இக்கருத்தைப் பிற்கால வரலாறு பொய்ப்பித்தது. எனினும் இந்தியாவில் மகாதேவ் கோவிந்த் ரானடே, 1892 இல் புனேயில் ஆற்றிய உரையில், தடையற்ற வணிகக் கொள்கை இந்தியாவுக்குப் பொருந்தாது என வாதிடுகையில் லிஸ்டின் சிந்தனையைப் பயன்படுத்தினார்.