நடை பிறழ்ந்த தாரகையைத் தொடர்ந்தவர்

மணநாளிலே மணமகளுக்கு அருந்ததி காட்டுதல் தமிழரிடை நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டன் என்று பெயர்பெற்ற விண்மீனின் அருகே மங்கலாக ஒளிர்வதே அருந்ததி. கூரிய பார்வையுடையார் அவ்விரண்டையும் வெறுங்கண்ணாலேயே பிரித்துக் காண்பர். ஆனால், கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றி, தொலைநோக்கியின் முன் மாத்திரம் இரண்டாகப் பிரியும் விண்மீன்களும் வானத்திற் பலவுள. அத்தகைய இரட்டை ஒன்றன்மீது உள்ளம் வைத்து, அதன் நடையிற் கண்ட சிறு பிறழ்ச்சிக்குக் காரணந் தேடியவர் ஒருவர் சென்னையிலே வாழ்ந்தார். அவர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். வானியல் வரலாறு கற்றோர் அவரை நன்கறிவர். தமிழ் வாசகரும் அறியத்தக்கவர் அவர்.

1813ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சொமர்செட் மாவட்டத்திலே, கிராமக் குருவொருவரின் மகனாகப் பிறந்தார் ஜேக்கப். அடிஸ்கோம் இராணுவக் கல்லூரியிற் பயின்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் பொறியியற் படையிற் சேர்ந்து, இளம் வயதிலேயே இந்தியா வந்தார். நிலத்தை அளப்பது அவர் தொழில். வானத்தை அளப்பது அவர் வேட்கை. 1842இல் பூனாவிலே தம் சொந்த முயற்சியால் ஒரு சிறு வானாராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். அங்கிருந்து 244 இரட்டை விண்மீன்களை ஆராய்ந்து பட்டியல் வகுத்தார். அதன் பயனாக அவர் பெயர் அறிஞரிடையே பரவலாயிற்று.

1849இல் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தலைமை அவர் கைக்கு வந்தது. நுங்கம்பாக்கத்திலே 1792இல் எழுந்த அந்நிலையத்தின் கருங்கற்றூண், தமிழெழுத்தும் பொறிக்கப்பெற்றதாய் இன்றும் நிற்கின்றது. அங்கே ஆறங்குலத்திற்குச் சற்று மேற்பட்ட வில்லையுடைய தொலைநோக்கி ஒன்று 1850இல் நிறுவப்பட்டது. அதன் துணைகொண்டு சனிக்கோளின் மங்கிய உள்வளையம் ஊடுருவிக் காணத்தக்கது என்பதை 1852இல் ஜேக்கப் கண்டார். அதே காலத்தில் லாசல் என்னும் ஆங்கில வானியலாரும் தனியே அதனைக் கண்டார்.

எனினும், அவர் நெஞ்சம் பெரிதும் நாடியது இரட்டை விண்மீன்களையே. இத்துறைக்கும் தமிழகக் கரைக்கும் பழந்தொடர்பு உண்டு. நமக்கு மிக அண்மையிலுள்ள ஆல்பா சென்டாரி இரட்டை விண்மீன் என்பதை 1689இல் கண்டவர், புதுச்சேரியிலே தங்கியிருந்த ஜான் ரிஷோ என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவியாவார். அவ்விரட்டையின் சுற்றுப்பாதையையும் ஜேக்கப் கணித்தார். ஆயினும், அவரை வரலாற்றில் நிலைநிறுத்தியது வேறோர் இரட்டை.

பாம்பேந்தி எனப் பொருள்படும் ஒபியூக்கஸ் மண்டலத்திலே, 70 ஒபியூக்கி என எண்ணிட்டு வழங்கும் விண்மீன் ஒன்றுண்டு. இருண்ட இரவில் வெறுங்கண்ணுக்குத் தோன்றும் எளிய ஒளிப்புள்ளி அது. அதன் தொலைவு ஏறத்தாழ 16½ ஒளியாண்டுகளே. விண்மீன்களின் கணக்கில் அது நம் அயல்வீடு எனலாம். அது இரட்டை என்பதை 1779இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். செம்மஞ்சள் நிறமுடைய இரு சூரியர்கள், தமக்குப் பொதுவான நடுவிடத்தை ஏறத்தாழ 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன.

இரு பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்துச் சுற்றுமாயின், அவற்றின் பாதை நீள்வட்டமாதல் வேண்டும் என்பது நியூட்டன் வகுத்த நெறி. ஆனால், பல்லாண்டு அளவைகளை ஒருங்குவைத்து நோக்கியபோது, 70 ஒபியூக்கியின் துணைமீன் கணக்குக் காட்டிய இடத்தில் நில்லாது சிறிது விலகியதாக ஜேக்கப் கண்டார். விலகல் எதனால்? கண்ணுக்குப் புலனாகாத மூன்றாவது பொருளொன்று ஈர்ப்பதனால் இருக்கலாம் அன்றோ? அக்காலத்தில் இது வீண் கற்பனை அன்று. யுரேனசின் நடைப்பிறழ்வைக் கொண்டே 1846இல் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. சிரியஸ் விண்மீனுக்குக் காணப்படாத துணை உண்டென்று 1844இல் பெசல் உரைத்திருந்தார்.

1855இல், இலண்டன் வானியற் கழகத்தின் வெளியீட்டிலே ஜேக்கப் தம் முடிவை வெளியிட்டார். அவ்விரட்டையில் கோள் ஒன்று இருத்தல் பெரிதும் ஏற்கத்தக்கது என்றும், ஆதலின் அதனை விடாது நோக்கிவருதல் வேண்டும் என்றும் அவர் கூறினார். நம் சூரிய குடும்பத்துக்கு அப்பால், வேறொரு விண்மீனுக்குக் கோளுண்டு என்று அளவையின்வழி நின்று கூறிய தொடக்க முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

அக்கோள் பின்னர் மெய்ப்படவில்லை. 1890களில் அமெரிக்கரான சீ என்பவர் அங்கே இருண்ட பொருளொன்று உண்டென மீண்டும் கூறினார். அவர் கூறியவாறு மூன்று பொருள்கள் நிலைத்துச் சுற்றல் இயலாதென 1899இல் மௌல்ட்டன் கணித்துக் காட்டினார். இன்றுவரை அங்குக் கோள் எதுவும் உறுதிப்படவில்லை. தலைமுறைதோறும் சேர்ந்த அளவைகளிற் புகுந்த நுண்ணிய பிழைகளே கோள்போல மயக்கின.

ஜேக்கப்போ அதற்குள் வேறொரு பாதையில் நடந்துவிட்டார். உடல்நலங் குன்றியமையால் 1859இல் சென்னைப் பதவியைத் துறந்து தாயகம் சென்றார். அங்கும் ஓய்வு கொள்ளவில்லை. 1860இல் ஸ்பெயினில் தோன்றிய முழுச் சூரிய கிரகணத்தைக் காணச் சென்ற குழுவிலும் இடம்பெற்றார். அப்பொழுது அவர் மனத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியிருந்தது. சமவெளியின் தடித்த காற்று ஒளியைக் கலக்குகின்றது. மலைமீது ஏறின் விண்மீன் தெளிவாகத் தோன்றும். 1856இல் டெனரீஃப் மலையில் பியாசி ஸ்மித் செய்த சோதனை இதற்குச் சான்றாயிற்று. பூனாவை அடுத்த மலையொன்றில் ஆராய்ச்சி நிலையம் அமைக்க ஜேக்கப் திட்டமிட்டார். பிரித்தானியப் பாராளுமன்றம் ஆயிரம் பவுண் வழங்க இசைந்தது. ஒன்பதங்குலத் தொலைநோக்கி ஒன்றைத் தாமே வாங்கினார். மனைவி மக்களை இங்கிலாந்தில் விட்டுவிட்டுக் கப்பலேறினார்.

1862 ஆகஸ்ட் 8ஆம் நாள் பம்பாயிற் கரையிறங்கினார். அம்மாதம் 16ஆம் நாள் பூனாவில் அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பத்தெட்டு. மலைமேல் ஏற்றவிருந்த தொலைநோக்கிக்கு அவர் கண்ணை வைக்கும் பேறு கிட்டவில்லை.

அதே 1862ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, பெசல் உரைத்த சிரியஸின் துணைமீன் அமெரிக்கரான அல்வன் கிளார்க்கின் தொலைநோக்கியில் முதன்முறையாகத் தென்பட்டது. காணும் பொருளின் நடையைக் கொண்டு காணாப் பொருளை அறியலாம் என்ற நெறி அவ்வாறு நிலைபெற்றது. 1995இல், சூரியனையொத்த விண்மீன் ஒன்றைச் சுற்றும் கோளை முதன்முதல் உறுதிசெய்தோரும், அவ்விண்மீனின் தடுமாற்றத்தை அதன் ஒளியின் நிறமாலையிற் கண்டே உறுதிசெய்தனர். ஜேக்கப் கண்ட விடை தவறியது. அவர் எழுப்பிய வினா தவறவில்லை. மலைமீது நிலையம் என்ற எண்ணமும் வீண்போகவில்லை. 1899இல் சென்னை நிலையத்தின் பணி கோடைக்கானல் மலைக்கு ஏறிற்று.

அவர் மறைந்த ஆகஸ்ட் 16ஆம் நாளன்று, இரவு எட்டரை மணியளவில், 70 ஒபியூக்கி நம் கொழும்பு நகரின் உச்சிவானத்தை ஒட்டி நிற்கும். கிருலப்பனையின் தெருவிளக்குகளும் வெள்ளவத்தையின் கடைவீதி ஒளியும் அதனை மறைத்தல் கூடும். நகரை விட்டு அகன்ற இருளில் அதனைத் தேடலாம். ஜேக்கப் கணக்கிட்ட நாள்தொட்டு அவ்விரு சூரியர்களும் ஒருமுறை சுற்றி முடித்து, இரண்டாஞ் சுற்றின் இறுதியை நெருங்கிக்கொண்டிருக்கின்றன. விடாது நோக்குக என்று அவர் விடுத்த வேண்டுகோளை வானியலார் இன்றும் நிறைவேற்றி வருகின்றனர்.